ட்ராப் சி-ல தடி ஸ்ட்ரிங் கொழகொழங்குது, மெட்டலுக்குன்னு புது கிட்டார் வாங்கணுமா?

திருச்சி_ரிஃப்
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா வாசிக்கிறேன், கடைசி ஆறு மாசமா மெட்டல் மட்டும்தான். என்கிட்ட இருக்கறது ஒரு ஸ்ட்ராட் காப்பி, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மத்த ரெண்டும் சிங்கிள் காயில், கூட ஒரு 10 வாட் ப்ராக்டிஸ் ஆம்ப். ஸ்ரீரங்கத்துல ட்ரம்மர் ஃப்ரெண்டு வீட்டு மாடியில ஞாயித்துக்கிழமை ஜாம் பண்றோம். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல வாசிச்சப்ப ஓரளவு நல்லாதான் இருந்துச்சு, தடி ஸ்ட்ரிங்க சி சுருதி வரைக்கும் இறக்கற ட்ராப் சி-க்கு போனதுல இருந்து எல்லாமே போச்சு. உள்ளங்கையால ஸ்ட்ரிங்க லேசா அமுக்கிக்கிட்டு வேகமா பாம் மியூட் அடிச்சா ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கணும்ல, சேத்துல நடக்கற மாதிரி சளக் சளக்னு ஒண்ணா ஒட்டிக்குது, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ட்யூனிங்கும் ஓடிடுது. 30,000 ரூபா சேத்து வச்சிருக்கேன். இஎம்ஜி பிக்கப் போட்ட கிட்டார் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ஸ்ப்ரிங்ல மிதக்கற ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜும் இருக்கு. வாங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஃப்ரெட்_ஃபைல்
தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இப்ப அந்த கிட்டார்ல என்ன கேஜ், அதாவது என்ன தடிமன் ஸ்ட்ரிங் இருக்கு?

திருச்சி_ரிஃப்
அண்ணா, வாங்கும்போது என்ன இருந்துச்சோ அதே கேஜ்தான் மாத்தி மாத்தி போடறேன். பாக்கெட்ல 9-42-ன்னு இருக்கு.

ஃப்ரெட்_ஃபைல்
நினைச்சேன். சென்னையில பதினாலு வருஷமா கிட்டார் ரிப்பேர் பண்றேன், மெட்டல் வாசிக்கற பசங்க கொண்டு வர்ற கிட்டார்ல பாதிக்கு மேல இதே கதைதான்.

அந்த செட்லயே தடியான 42 ஸ்ட்ரிங்க இ-ல, அதாவது 82.4 ஹெர்ட்ஸ்ல, 25.5 இஞ்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) உள்ள கிட்டார்ல கட்டினா கிட்டத்தட்ட 14.7 பவுண்ட் இழுவிசை இருக்கும். அதையே சி-க்கு, 65.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கினா 9.3 பவுண்ட்தான் மிஞ்சும், ஏன்னா இழுவிசை ஃப்ரீக்வென்சியோட வர்க்கத்துல மாறுது, ரெண்டு ஸ்டெப்தானே இறக்கினோம்னு தோணும், ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல காணாம போயிடுது. 9 பவுண்ட்ல தொங்கற ஸ்ட்ரிங்க நீ ஓங்கி அடிச்சா அடிச்ச நொடியில சுருதி மேல தாவும், அப்புறம் மெதுவா கீழ இறங்கி தன் இடத்துக்கு வரும். ட்யூனரை ஆன் பண்ணி வச்சிட்டு ஒரு தடவ பலமா அடிச்சு பாரு, ஊசி ஷார்ப் பக்கம் குதிச்சிட்டு திரும்பி வர்றது கண்ணுலயே தெரியும்.

இப்ப வேகத்தை யோசி. 180 பிபிஎம்ல பதினாறாம் நோட்டுன்னா செகண்டுக்கு 12 அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 83 மில்லி செகண்ட். லோ சி அந்த நேரத்துல அஞ்சரை தடவைதான் அதிரும். ஸ்ட்ரிங் குதிச்சு இறங்கி நிலைக்கு வர்றதுக்குள்ள அடுத்த அடி விழுந்துடுது, நீ கேக்கற சளக் சளக் அதுதான். பிக்கப்புக்கு இதுல எந்த சம்பந்தமும் இல்ல, இஎம்ஜி போட்டாலும் அதே சளக்கை இன்னும் சத்தமா எடுத்துக் குடுக்கும்.

56 ஸ்ட்ரிங் போட்டா அதே சி-ல 16.5 பவுண்ட் கிட்ட வரும். டடாரியோல 11-56 செட் இருக்கு, எர்னி பால்ல நாட் ஈவன் ஸ்லிங்கின்னு 12-56 வருது. முதல்ல 11-56 போடு, விரல் பழகட்டும்.

சோளிங்கர்_டூம்
அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனா தடி ஸ்ட்ரிங் போட்டாதான் ஹெவின்னு சின்னப் பசங்க மனசுல பதிஞ்சிடக் கூடாது. இந்த இசைய ஆரம்பிச்சு வச்சவரே அதுக்கு எதிர்ப் பக்கம் போனவர்தான். பிளாக் சபாத் பேண்டோட டோனி அயோமி பர்மிங்காம் தகர ஃபேக்டரியில வேலை பாத்தப்ப, 17 வயசுல, மிஷின்ல சிக்கி வலது கையில நடு விரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு. இடது கைக்காரர், அதனால ஃப்ரெட் அழுத்தற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரல் நுனிக்கு தொப்பி மாதிரி செஞ்சு, மேல தோல் ஒட்டி வாசிச்சார். அந்த விரலால தடி ஸ்ட்ரிங் அழுத்த முடியாதுன்னுதான் மெல்லிசு ஸ்ட்ரிங் தேடிப் போனார், 1971-ல வந்த மூணாவது ஆல்பத்துல சி ஷார்ப் வரைக்கும் இறக்கிட்டார். அவரோட எஸ்ஜி கிட்டார் வேற 24.75 இஞ்ச் ஸ்கேல், அதுலயே இன்னொரு 6 சதவீதம் இழுவிசை குறையும். தொங்கற ஸ்ட்ரிங்லதான் உலகத்துலயே கனமான ரிஃபெல்லாம் வந்திருக்கு!

ஃப்ரெட்_ஃபைல்
ஒத்துக்கறேன் தம்பி, நானும் அதைக் கேட்டு வளந்தவன்தான். ஆனா அவர் என்ன வேகத்துல வாசிக்கறார்னு பாருங்க. ஒரு கார்டு அடிச்சா அது மூச்சு விட்டு, அசைஞ்சு, அடங்கற வரைக்கும் நேரம் குடுக்கறார். ஸ்ட்ரிங் தளர்வா இருக்கறதால வர்ற அந்த ஆட்டம் டூமுக்கு, அதாவது மெதுவா கனமா வாசிக்கற மெட்டலுக்கு அழகு, வைப்ரட்டோவும் சுலபமா வரும். அதே ஸ்ட்ரிங்ல மூணு மூணு அடியா குதிரை ஓட்டம் மாதிரி வர்ற த்ராஷ் கேலப் வாசிக்கச் சொன்னா நடக்காது. நீங்க டூம் வாசிக்கறீங்க, உங்களுக்கு மெல்லிசு சரி. திருச்சி தம்பி கேட்டது வேகமா பாம் மியூட் பண்றதுக்கு. எந்த பாட்டு வாசிக்கறோமோ அதுக்குத்தான் ஸ்ட்ரிங்.

டவுன்ட்யூன்_தீபா
ஃப்ளாய்ட் ரோஸ் பத்தி யாரும் பேசலையே, அதை நான் சொல்லிடறேன். தம்பி, நீ ஸ்டாண்டர்டுக்கும் ட்ராப் சி-க்கும் மாத்தி மாத்தி போற ஆளுன்னா ஃப்ளாய்ட் வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்ட்ரிங்க இறக்கினா ஸ்ப்ரிங் இழுத்து மத்த அஞ்சும் ஏறும், அதை சரி பண்ணினா இது மாறும், ஒரு தடவ கேஜ் மாத்தி செட் பண்ண எனக்கு ரெண்டு மணி நேரம் போயிருக்கு. டைவ் பாம் அடிக்கற சோலோவுக்கு அதை விட்டா வழியில்ல, அது வேற. ரிதம்தான் உன் உயிர்னா அசையாத ஹார்ட் டெயில் பிரிட்ஜ் உள்ள கிட்டார் பாரு. உன் ஸ்ட்ராட் காப்பியில இருக்கற ட்ரெமலோவையே பின்னாடி ஸ்ப்ரிங் சேத்து பாடியோட ஒட்டி உக்கார வச்சுட்டா அதுவும் ஹார்ட் டெயில் மாதிரிதான் நடந்துக்கும்.

இன்னொண்ணு, 10 வாட் ஆம்ப் முன்னாடி டிஸ்டார்ஷன் பெடல் போடலாமான்னு அடுத்து கேப்ப, எல்லாரும் கேப்பாங்க. நான் ஸ்வீடிஷ் டெத் மெட்டல் பைத்தியம், எனக்கு பாஸ் (Boss) கம்பெனியோட எச்எம்-2 தான் எல்லாம். 1983-ல வந்து 1991-ல நிறுத்தின பெடல், யாரும் பெருசா மதிக்கல. ஸ்டாக்ஹோம்ல சன்லைட் ஸ்டுடியோவுல எண்டூம்ட் பேண்ட் பசங்க அதோட எல்லா நாபையும் முழுசா திருப்பி வச்சு 1990-ல முதல் ஆல்பம் பண்ணாங்க, செயின்சா மரம் அறுக்கற மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்புறம் பழைய பெடலுக்கு அடிச்சிக்கிட்டாங்க, 2021-ல பாஸ் கம்பெனியே திரும்ப வெளியிட்டுச்சு. ஆனா உன் பிரச்சினைக்கு அது மருந்து இல்ல. அந்த சவுண்டே அடிகளை ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரு சுவரா ஆக்கறதுதான். நீ கேக்கறது அடி அடியா பிரியணும்னு.

பாஸ்_மணி
இங்க எல்லாரும் கிட்டாரை மட்டும் பேசறீங்க, பாஸ் வாசிக்கறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்க. திருச்சி ப்ரோ, உங்க ஆம்ப் செட்டிங் என்ன? கெயின், பேஸ், மிட், ட்ரெபிள் நம்பர் சொல்லுங்க.

திருச்சி_ரிஃப்
கெயின் 10, பேஸ் 9, மிட் 1, ட்ரெபிள் 8. ரூம்ல தனியா வாசிக்கும்போது செமயா இருக்கும் ப்ரோ, ஜாம்ல மட்டும்தான் காணாம போயிடறேன்.

பாஸ்_மணி
அதான் விஷயம். பேண்ட்ல லோ சி வாசிக்கறப்ப கிட்டார் 65 ஹெர்ட்ஸ், பாஸ் அதுக்கு ஒரு ஸ்தாயி கீழ 32.7, கிக் ட்ரம்மும் இதே வட்டாரத்துலதான் இடிக்கும். நீங்க பேஸ் 9-ல வச்சா மூணு பேரும் ஒரே வாசல்ல ஒரே நேரத்துல நுழையற மாதிரி, யாரும் வெளிய வர முடியாது. ரெக்கார்டிங்ல கிட்டார் ட்ராக்ல 80, 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டியே விட்டுடுவாங்க. நீங்க ஆல்பத்துல கேட்டு இது கிட்டாரோட பாரம்னு நினைக்கறீங்களே, அதுல பாதி பாஸ் கிட்டாரோடது. மனுஷக் காது கிட்டாரைக் கண்டுபிடிக்கற இடம் மிட், அதைப் போய் 1-ல வச்சுட்டீங்க.

கெயினை 6-க்கு கொண்டு வாங்க, பேஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 6. தனியா கேட்டா மூக்கடைச்ச மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ட்ரம்ஸ் வந்ததும் அது தன் இடத்துல போய் உக்காரும். கெயின் அதிகமானா எல்லாமே ஒரே உயரத்துக்கு நசுங்கிடும், நீங்க மெதுவா அடிச்சதும் பலமா அடிச்சதும் ஒண்ணா கேக்கும், அப்புறம் பாம் மியூட்ல குத்து எங்க இருந்து வரும்?

சோளிங்கர்_டூம்
மணி அண்ணன் சொன்னது நூறு சதவீதம் உண்மை. மிட் நிமித்தறதுக்குத்தான் மெட்டல்காரங்க ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் வாங்கறதே. டிஸ்டார்ஷனுக்காக இல்ல. ட்ரைவ் நாப் பூஜ்யம், லெவல் முழுசு, ஏற்கனவே டிஸ்டார்ட் ஆகிட்டிருக்கற ஆம்ப் முன்னாடி. அந்த சர்க்யூட் 720 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கற பேஸை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிட்டு மிட்டை தள்ளிக் குடுக்கும், ஆம்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே சேறு வடிஞ்சிடும். பேஸை ஆம்ப்ல குறைக்கறதுக்கும் ஆம்புக்கு முன்னாடி குறைக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, வாசிச்சு பாத்தா கையிலயே தெரியும்.

ஸ்கார்பரோ_குமரன்
வணக்கம் தம்பியவை. நான் இஞ்ச ஸ்கார்பரோவில இருந்து எழுதுறன், உங்கட கதைகளை வாசிச்சுக்கொண்டு இருந்தனான், ரெண்டு விசயம் சொல்ல வேணும் போல இருக்கு.

முதலாவது, கேஜ் மாத்தினா கழுத்து வளையும், அதுக்குள்ள இருந்து அதை நிமித்துற ட்ரஸ் றொட் கம்பியைப் பாக்க வேணும். இஞ்ச விண்டர் வந்தா ஹீற்றர் போட்டு வீட்டுக்குள்ள காத்து நல்லாக் காஞ்சு போயிடும், மரம் சுருங்கி ஃப்ரெற் நுனியெல்லாம் வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும், கை வழுக்கேக்க கீறும். உங்க பக்கம் அதுக்கு மாறி, ஈரம் கூட, கழுத்து மற்றப் பக்கம் போகும். ஆனபடியா இன்ரர்நெற்ல யாரோ சொன்ன அளவை வச்சுத் திருகாதேங்கோ, கால் சுத்துத் திருகிப்போட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கோ.

ரெண்டாவது முக்கியம். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் அம்ப் கொண்டு வந்து தாறன் எண்டால் உடன சந்தோசப்படாதேங்கோ. என்ட மச்சான் ஒருத்தர் இஞ்ச வாங்கின ட்யூப் அம்பை ஊருக்குக் கொண்டு போனவர். இஞ்ச 120 வோல்ற், அங்க 230. பிளக்குக்கு அடப்டர் போட்டுக் கொழுவினவுடன உள்ள இருந்து ஒரு சத்தம், பிறகு வார்னிஷ் எரியிற மணம். ஃபியூஸ் போனது மட்டுமெண்டு நினைச்சம், ட்ரான்ஸ்ஃபோமரும் போட்டுது. அவர் அந்த அம்பை மடியில வச்சுக்கொண்டு இருந்த முகம் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அம்பின்ர பின்பக்கத்தில என்ன வோல்ற் எழுதியிருக்கெண்டு பாத்துப்போட்டுத்தான் கொழுவ வேணும். அம்ப் சத்தத்தை டிஜிற்றலாச் செய்யிற மொடலர் மாதிரிச் சாமானுக்கு அடப்டரில 100-240 எண்டு இருந்தா பயமில்லை.

திருச்சி_ரிஃப்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குமரன் அண்ணா, எனக்கு டெக்சாஸ்ல ஒரு சித்தப்பா இருக்கார், அவர்கிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன், நல்ல வேளை சொன்னீங்க.

நேத்து 11-56 வாங்கி நானே போட்டேன். ட்யூன் பண்ணும்போது ஆறாவது ஸ்ட்ரிங்ல ஒரு இடத்துல டிங்குனு ஒரு சத்தம், உடனே சுருதி தாவுது. பாலமும் (பிரிட்ஜ்) மேல தூக்கிட்டு நிக்குது. பயமா இருக்கு, ஏதாவது உடைஞ்சிடுமா?

ஃப்ரெட்_ஃபைல்
உடையாது. அந்த டிங் நட்ல இருந்து வருது, கழுத்தோட தலைப் பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் வெட்டின துண்டு அது. 42-க்கு வெட்டின பள்ளத்துல 56-ஐ வச்சா ஸ்ட்ரிங் உள்ள உக்காராம விளிம்புல கவ்விக்கிட்டு நிக்கும், கீயை திருப்ப திருப்ப இறுக்கம் சேந்து ஒரு கட்டத்துல வழுக்கி தாவும். உன் ட்யூனிங் ஓடினதுக்கும் ஒரு பங்கு காரணம் நட்டா இருக்கலாம். பள்ளத்தை அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது, ஆழம் அதிகமாச்சுன்னா ஓபன் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்ல தட்டும், அப்புறம் நட்டையே மாத்தணும். இதுக்குன்னு அளவு அளவா ஃபைல் இருக்கு, வீட்டுல இருக்கற அரத்தால தேய்ச்சிடாத, திருச்சியிலயே கிட்டார் சர்வீஸ் பண்றவங்க கிட்ட குடு. பாலம் தூக்கறது ஸ்ட்ரிங் இழுவிசை கூடினதால. பின் மூடியைக் கழட்டினா ஸ்ப்ரிங் மாட்டின தகடு ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூவோட இருக்கும், மூணு ஸ்ப்ரிங் இருந்தா அஞ்சாக்கி, ஸ்க்ரூவை உள்ள இறுக்கு, பாலம் பாடியில படுத்துடும். கடைசியா இன்டோனேஷன், 12-வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கும் அழுத்தின நோட்டும் ஒண்ணா காட்டணும், ஷார்ப்பா இருந்தா பாலத்துல ஸ்ட்ரிங் உக்கார்ற சாடிலை பின்னாடி நகத்து.

டவுன்ட்யூன்_தீபா
இதையெல்லாம் பண்ணிட்டு பிக் என்ன யூஸ் பண்றன்னும் பாத்துக்கோ தம்பி. மெல்லிசு பிக் 56 ஸ்ட்ரிங் முன்னாடி வளைஞ்சு குடுத்துட்டு லேட்டாதான் திரும்பும். டன்லப் ஜாஸ் த்ரீ 1.38 மில்லிமீட்டர், குட்டியா இருக்கும், ஒரு வாரம் எரிச்சலா இருக்கும், அப்புறம் விட மாட்ட.

திருச்சி_ரிஃப்
பத்து நாள் கழிச்சு வந்து எழுதறேன், மன்னிக்கணும்.

நட் சரி பண்ணியாச்சு, செட்டப்பும் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை மணி அண்ணன் சொன்ன நம்பர்ல வச்சு வாசிச்சேன். முதல்ல எனக்கே பிடிக்கல, டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. ட்ரம்மர் உள்ள வந்ததும்... எப்படி சொல்றது, முதல் தடவையா என் பாம் மியூட் அவன் கிக்கோட சேந்து விழுந்துச்சு. அவன் வாசிக்கறதை நிறுத்திட்டு கிட்டார் மாத்திட்டியாடான்னு கேட்டான். இல்லடா ஸ்ட்ரிங்தான் மாத்தினேன்னேன், நம்பவே இல்ல, எழுந்து வந்து கிட்டாரை வாங்கி பின்னாடி முன்னாடி திருப்பிப் பாத்தான்.

இப்ப ரெண்டு பிரச்சினை பாக்கி. ஒண்ணு, 10 வாட் ஆம்ப் ட்ரம்ஸுக்கு முன்னாடி திணறுது. ரெண்டு, வீட்டுல லேப்டாப் கிட்ட உக்காந்தா ஒரே ரீங்காரம், ஸ்ட்ரிங்க தொட்டா குறையுது, விட்டா திரும்ப வருது.

சோளிங்கர்_டூம்
படிக்கவே சந்தோஷமா இருக்கு தம்பி!

ரீங்காரத்துக்கு முதல்ல லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட விட்டு பாரு. நின்னுடுச்சுன்னா சார்ஜர் வழியா வர்ற சத்தம். அப்படியும் இருந்தா வீட்டு ப்ளக் பாயிண்ட்ல எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டு டெஸ்ட் பண்ணு, பழைய வீடுகள்ல மூணு துளை இருக்கும், எர்த் துளைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. எந்தக் காரணத்துக்காகவும் ஆம்போட எர்த் பின்னை எடுத்துட்டு ஓட்டாத, சத்தம் நிக்கட்டும்னு சில பேர் பண்றாங்க, உயிருக்கு ஆபத்து. நாய்ஸ் கேட் வாங்கினா நீ வாசிக்காத நேரத்துல மட்டும் மூடும், வாசிக்கும்போது இரைச்சல் உள்ளதான் இருக்கும், அதனால அதை கடைசியா வச்சுக்கோ.

பாஸ்_மணி
ஆம்புக்கு என் யோசனை. ட்யூப் ஆம்ப்தான் மெட்டல்னு யாராவது சொன்னா டைம்பேக் டேரலை நினைச்சுக்கோங்க, பேண்டேராவுல அந்த கத்தி மாதிரி டோன் ராண்டால் சாலிட் ஸ்டேட் ஆம்ப்ல வந்தது. உங்க பட்ஜெட்டுக்கு பாஸ் (Boss) கம்பெனியோட கட்டானா 50 ஆம்ப் செகண்ட் ஹாண்ட்ல தேடுங்க, 50 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கர், மாடி ரூம் ஜாமுக்கு தாராளம். வாட்டை விட அந்த 12 இஞ்ச்தான் எனக்கு முக்கியம், உங்க ப்ராக்டிஸ் ஆம்ப்ல இருக்கற குட்டி ஸ்பீக்கரால லோ சி-யோட நெஞ்சைக் குத்தற பகுதியை தள்ளவே முடியாது.

வீட்டுல லேப்டாப் இருக்குன்னா ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதோட நியூரல் ஆம்ப் மாடலர்ங்கற சாஃப்ட்வேர், இலவசம், ஓபன் சோர்ஸ். ஒண்ணு மறந்துடாதீங்க, அதுல நிறைய கேப்சர் (ஆம்ப் சவுண்டோட டிஜிட்டல் நகல்) வெறும் ஆம்ப் ஹெட் மட்டும்தான், ஸ்பீக்கர் கேபினெட்டுக்கு தனியா ஐஆர், அதாவது கேபினெட் சவுண்டோட நகல் போடணும். போடலைன்னா தேனீக் கூட்டத்துல தலைய விட்ட மாதிரி இருக்கும், அதைக் கேட்டுட்டு மாடலரே குப்பைன்னு விட்டுட்டுப் போனவங்க நிறைய பேர். பஃபர் 128 சாம்பிள், 48,000 ஹெர்ட்ஸ்ல வச்சா ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி செகண்ட் தாமதம்தான், கைக்கு தெரியாது.

திருச்சி_ரிஃப்
சார்ஜரைக் கழட்டினேன், முக்கால்வாசி போயிடுச்சு! எலெக்ட்ரீஷியன் சனிக்கிழமை வர்றார். கட்டானா ஒண்ணு தஞ்சாவூர்ல ஒருத்தர் விக்கறார், போய் வாசிச்சுப் பாத்துட்டு வாங்கலாம்னு இருக்கேன். இஎம்ஜி கிட்டார் இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

மெட்ரோனோம் வச்சு பாத்தேன், கேலப் 160 வரைக்கும் சுத்தமா வருது, 170-ல மூணாவது அடி மட்டும் மெலிசாகுது. இது கிட்டார்ல ஏதாவது பாக்கியா, இல்ல என் கையா?

ஃப்ரெட்_ஃபைல்
கை. 150-க்கு இறங்கி, மூணாவது அடியை மேல் வீச்சுல அடிக்கறியா கீழ் வீச்சுலயான்னு ஃபோன்ல வீடியோ எடுத்துப் பாரு. உள்ளங்கை பாலத்துல எங்க படுதுன்னும் தெரியற மாதிரி பக்கத்துல வச்சு எடுத்து இங்க போடு. தஞ்சாவூர் போறப்ப உன் கிட்டாரையே கொண்டு போ, அவங்க வீட்டு கிட்டார்ல டெஸ்ட் பண்ணாத.